படகுக்கு நாடா

ஒரகடத்தில் கார் உண்டு, கன்டெய்னர் லாரி உண்டு. கடல் மட்டும் கிடையாது. அப்படியிருக்க, கோதண்டராமன் பட்டறை முற்றத்தில் பாய்மரப் படகு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அவர் ஃபைபர் ஓட்டைகளை அடைப்பதில் கெட்டிக்காரர். அது கார் பம்பராக இருந்தால் என்ன, படகாக இருந்தால் என்ன? சென்னைக்காரர் ஒருவர் தன் பழைய படகை டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் கோதண்டராமனின் மகள் கவிப்பிரியாவுக்கு ஒரே பெருமை. அப்பா ராப்பகலாக உழைத்துப் படகுக்குப் புதுத் தரை ஒட்டியிருந்தார். கொடிக்கம்பம் மாதிரி பாய்மரமும் நட்டாயிற்று. நாளைக்குப் படகு கடலுக்குப் போகிறது.

"எதுக்கும் பம்பை ஓட்டிப் பாத்துடலாம்," என்றார் அப்பா.

படகுக்குள் தண்ணீர் புகுந்தால், அடியிலிருக்கும் பம்ப் அதை ஒரு ஹோஸ் வழியாகப் பின்பக்கம் வெளியே தள்ள வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் இசக்கிபாண்டி ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, சுவிட்சைத் தட்டினான். பம்ப் உறுமியது. பின்பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. தரைக்கு அடியில் சளசளவென்று சத்தம் கேட்டது.

"போச்சுடா! உள்ள ஹோஸ் வெடிச்சிகீது," என்று அப்பா தலையில் கை வைத்தார். "தரைய ஒட்றதுக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும். மறந்துட்டேன். இப்போ இத்த அறுக்கணும், வேற வழியில்ல."

கட்டிங் மெஷினை எடுத்தபோது அவர் முகம் வாடிப்போயிற்று. கவிப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழசை உருவிப் போட்டுருதேன் அண்ணாச்சி," என்ற இசக்கிபாண்டி, ஹோஸின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து இழுத்தான். அது ஒரு முழம் நகர்ந்தது.

"அண்ணா, நிறுத்து! உருவாதே!"

கவிப்பிரியா போட்ட சத்தத்தில் அவன் கையை எடுத்துவிட்டான். "என்னத்துக்குக் கத்துத?"

"காலையில உன் டிராக் பேன்ட்டுக்கு யாரு நாடா மாத்திக் குடுத்தது?"

"நீதான்." இசக்கிபாண்டி வெட்கத்தோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"பழைய நாடா வால்லயே புதுசை முடிஞ்சு இழுத்தேன் இல்ல? இந்த ஹோஸும் நாடா மாதிரிதானே?"

அப்பா மெஷினைக் கீழே வைத்தார். "ஹோஸோட ஹோஸைக் கட்டினா முடிச்சு தடிச்சிடும் கண்ணு. உள்ள மாட்டிக்கும்."

கவிப்பிரியா மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். சட்டென்று மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் நைலான் கயிறு இருந்தது.

"மொதல்ல இது உள்ள போகட்டும்பா. அப்புறம் இதுல புது ஹோஸைக் கட்டி இழுக்கலாம்."

நகர்ந்த ஹோஸைத் திரும்ப உள்ளே தள்ளி, பம்ப் பக்கத்து முனையில் கயிற்றைக் கட்டினார்கள். இசக்கிபாண்டி பின்னாலிருந்து இழுக்க, பழைய ஹோஸ் வெளியே வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கயிறும் வந்தது. கயிற்றின் மறுமுனையில் புது ஹோஸைக் கட்டி மறுபடி இழுத்தார்கள். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"சோப்புத் தண்ணி ஊத்துப்பா! வளையல் இறுக்கினா அம்மா அப்படித்தான் கழட்டுவாங்க."

சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் ஹோஸ் வழுக்கிக்கொண்டு வந்தது!

முனைகளை மாட்டி, அப்பா சுவிட்சைத் தட்டினார். பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இசக்கிபாண்டியின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"வந்துட்டு! வந்துட்டு அண்ணாச்சி!" என்று நுரை வழிய அவன் குதித்தான்.

அப்பா மகளைத் தூக்கிச் சுற்றினார். "என் கண்ணு! என் தரையக் காப்பாத்திட்டியே!"

அப்போது மாடியிலிருந்து அம்மா சசிரேகாவின் குரல் கேட்டது. "துணி காயப்போடற கொடிய யாருடி அவுத்தது? ஒரு பக்கெட் துணி ஈரமா கீது!"

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். கவிப்பிரியா மெல்லப் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாய்மரத்துக்கும் பட்டறைத் தூணுக்கும் நடுவே கயிறு கட்டியாயிற்று. அப்பாவின் சட்டைகளும் கவிப்பிரியாவின் பாவாடைகளும் காற்றில் உப்பின. கடலே இல்லாத ஒரகடத்தில், ஒரு நாள் முன்னதாகவே படகு பாய் விரித்துவிட்டது.