பூமிப் பெயர்ச்சி முடியட்டும்

நூற்று நாற்பதாவது பிறந்தநாள் காலையில் அங்கயற்கண்ணி காபியோடு உயிரணுப் புதுப்பி மாத்திரையை விழுங்கிவிட்டு, இன்று முதுகலையில் சேரப் போகிறேன் என்றாள். கணவர் தணிகாசலம் செய்தித்திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன அவசரம்? இன்னும் நூத்தறுபது வருஷம் இருக்கே."

செவ்வாய்க் குடியேற்றத்தில் எல்லோருக்கும் முந்நூறு வயது உறுதி. ஆயுள் கூடினால் ஆசைப்பட்டதையெல்லாம் படிக்கலாம் என்றுதான் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தார்கள். கூடியது சாக்குப்போக்குதான். கல்யாணம் ஆகட்டும் என்றார்கள். பிறகு பிள்ளை வளரட்டும், பேரன் வளரட்டும், கொள்ளுப்பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும். மாமியாரின் மாமியார்கூட உயிரோடிருந்து அபிப்பிராயம் சொன்னார். எல்லாம் முடிந்தபோது சோதிடர் வந்தார். குடியேறிய கையோடு சோதிடர்கள் செவ்வாயை ஜாதகத்திலிருந்து இறக்கிவிட்டுப் பூமியை ஏற்றியிருந்தார்கள். அங்கயற்கண்ணிக்குப் பூமி தோஷமாம். பெயர்ச்சி முடியும்வரை படிப்புப் பக்கமே போகக்கூடாதாம். வெட்கம் கெட்டவர்கள்.

பனிக்கு அடியில் வாழும் நுண்ணுயிர்களை ஆராயும் துறையில் இந்த வருடமும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஊரே 'அப்புறம் பார்க்கலாம்' என்றதில் துறைக்கு ஆளில்லை. இன்று மாலைக்குள் இரண்டு பேராவது சேராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள்.

அப்போது சமையலறையிலிருந்து வீட்டு இயந்திரம் சிங்காரி பையோடு வந்தது. அங்கயற்கண்ணி வாய்விட்டுப் படித்ததையெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டு வந்த இயந்திரம் அது. அதே துறையில் சேரப் போவதாகச் சொன்னது. இயந்திரங்களும் படிக்கலாம் என்று சட்டம் வந்து நாளாகிவிட்டது.

"நல்ல நேரம் பாத்தியா?" என்றார் தணிகாசலம்.

"எனக்கு ஆயுசே ஆறு வருஷந்தாங்கய்யா. பாத்துக்கிட்டிருக்க நேரமில்ல."

அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. படிப்பில் இப்படியோர் ஆர்வமா என்று மெச்சி, அதன் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"அதுவரைக்கும் நீ சமையலப் பாத்துக்க, கண்ணு. அது படிச்சு முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் நீ போ."

அங்கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. நூறு வருடக் கோபம். காபி டம்ளரை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, சிங்காரியோடு வண்டியில் ஏறினாள்.

குடியேற்றத்தை மூடியிருந்த குவிமாடத்தின் வாசலைத் தாண்டுமுன்னே அவருடைய அழைப்பு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். குரலில் பதற்றம். ஒரு பெண்ணை நூறு வருடம் பொறுக்கச் சொன்ன மனிதரால் ஒரு வேளைப் பசியைப் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க அவசரம்?" என்றாள் அங்கயற்கண்ணி. "பூமிப் பெயர்ச்சி முடியட்டும். அப்புறம் சாப்பிடலாம்."