சாந்தாமணியின் பெருவிரல்

ஐந்தாம் வகுப்பு ரிஃபானாவுக்குக் கொஞ்ச நாளாகத் தீராத ஆச்சரியம் ஒன்று இருந்தது.

"ஏழெட்டு எவ்வளவு?" என்று யாராவது கேட்கிறார்கள். உடனே தலைக்குள் ஐம்பத்தாறு வந்து நிற்கிறது. அதை யார் கொண்டுவந்து வைத்தது? எந்த வழியாக வந்தது? கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தாலும் வருகிற வழி தெரியவில்லை.

அவளுடைய அப்பா அக்பர் அலி கோவை உக்கடத்தில் தையல்கடை வைத்திருந்தார். அவரை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"அத்தா, ஏழெட்டு எவ்வளவு?"

"அம்பத்தாறு."

"அது எங்கிருந்து வந்துச்சுங்க அத்தா?"

தையல் மிஷின் நின்றது. அத்தா மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"அதானே! இத்தனை வருசமா உள்ளுக்குள்ள யாரு கணக்குப் போட்டுக் குடுக்கறாங்கன்னு நான் பாத்ததே இல்லியே கண்ணு!" என்றார்.

அந்த யோசனையிலேயே தைத்ததில், ஒரு சட்டையின் பை முதுகுப் பக்கம் போய்விட்டது. அம்மாவிடம் அத்தா வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. சனிக்கிழமை பொள்ளாச்சியில் பள்ளிகளுக்கிடையே மனக்கணக்குப் போட்டி நடக்கவிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பேர் போகலாம். ஐந்தாம் வகுப்பில் யாரை அனுப்புவது என்று பார்க்க, திருமூர்த்தி சார் விளையாட்டு சாரிடமிருந்து ஸ்டாப் வாட்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார்.

"பதினாறும் இருபத்தேழும்?"

"நாப்பத்தி மூணு!" தனபால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"எந்திரிச்சு நின்னு சொல்றா!" என்று சார் அதட்டினார். அதட்டிவிட்டு அவன் பெயருக்கு நேரே நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. விடை தெரிந்தால் எழுந்து நிற்க வேண்டும். 'சாருங்க' என்று கூப்பிட வேண்டும். அதன்பிறகுதான் விடை. போட்டி என்று வந்துவிட்டால் பையன்களுக்கு அது அடியோடு மறந்துபோகும். பெண்களுக்கு மறக்கவே மறக்காது.

அதிலும் ரிஃபானாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி இருக்கிறாளே! அவள் வீட்டில் கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மெல்ல எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, "சாருங்க, விடைங்க..." என்று ஆரம்பிக்கும்போது தனபால் அடுத்த கணக்குக்கே தயாராகியிருப்பான். வகுப்பில் அவளுக்குப் 'பாசஞ்சர் வண்டி' என்று பட்டப்பெயர்.

அடுத்து சார் ஓர் அடிஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே விட்டார். கீழே விழுவதற்குள் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். அதிலும் பெரும்பாலும் பையன்களே சீக்கிரம் பிடித்தார்கள். சாந்தாமணி பிடிப்பதற்குள் ஸ்கேல் தரையைத் தொட்டுவிட்டது.

"பாத்தீங்களா? ஆம்பளப் பசங்களுக்கு மூளை வேகமா ஓடும். பொம்பளப் புள்ளைகளுக்குப் பொறுமை சாஸ்தி. அது இயற்கை" என்றார் சார். "தனபால் ஒருத்தன் பொள்ளாச்சிக்குப் போறான். இன்னொரு பையன் யாருன்னு நாளைக்குச் சொல்றேன்."

சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். வெளியூர்ப் போட்டி எதற்கும் அவள் இதுவரை போனதே இல்லை. அவள் கண்ணில் நீர் கோத்ததை ரிஃபானா பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் மைதானத்து வேப்பமரத்தடியில், அவளைச் சிரிக்க வைப்பதற்காக ரிஃபானா ஒரு கணக்குக் கேட்டாள்.

"முப்பத்தஞ்சோட நாலு மடங்கு எவ்வளவு?"

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். 'எவ்வளவு' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் சாந்தாமணியின் பெருவிரல் சட்டென்று உள்ளங்கைக்குள் மடங்கியது.

"ஏன் வெரலை மடக்குனே?"

"விடை வந்துருச்சுல்ல, அதான். எப்பவும் அப்பிடித்தான். நூத்தி நாப்பது."

"இன்னொண்ணு. பதிமூணு ஆறு?"

விரல் மடங்கியது. இன்னொன்று கேட்டாள். மடங்கியது. ரிஃபானாவின் கை முழுக்கச் சிலிர்த்துப்போயிற்று. கேள்வி கேட்ட இவளே இன்னும் விடையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சாந்தாமணிக்குள் அது எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது! கண்ணுக்குத் தெரியாத அந்த வேகத்தை ஒரு சின்ன விரல் காட்டிக்கொடுக்கிறதே! பாசஞ்சர் வண்டி என்று கேலி செய்தோமே, உள்ளே எக்ஸ்பிரஸ் அல்லவா ஓடுகிறது!

மறுநாள் கணக்குப் பாடவேளை. ரிஃபானா எழுந்து நின்றாள்.

"சாருங்க, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு அம்மணி."

"நேத்து நீங்க எங்க வாயோட வேகத்தைத்தானுங்க அளந்தீங்க? எந்திரிச்சு, 'சாருங்க'ன்னு சொல்லிப்போட்டு, அப்புறமா விடை சொன்னா நேரம் ஆகுமுங்களே."

சார் ஸ்டாப் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைச் சொறிந்தார்.

"அட ஆமால்ல! சரி, அப்ப மூளையோட வேகத்தை எப்பிடி அளக்கறது?"

"எல்லாரும் சிலேட்டுல எழுதி, உடனே கவுத்து வெச்சிரலாமுங்க. யாரும் பேச வேண்டாமுங்க."

சார் சம்மதித்தார். ஒவ்வொரு கணக்காகக் கேட்டார். அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பலப்பம் கீறுகிற சத்தம். அப்புறம் 'டக்' என்று ஒரு சிலேட்டு கவிழும். ஒவ்வொரு முறையும் முதல் 'டக்' ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. சாந்தாமணி. அவளுக்குப் பின்னாலேயே தனபால். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஐந்தாறு 'டக்'. மற்றப் பையன்கள் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் சார் சாந்தாமணியின் சிலேட்டைத் திருப்பிப் பார்த்தார். எல்லாமே சரி. ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார்.

"எனக்கே நம்ப முடியலியே! அப்ப பொண்ணுகளுக்குத்தான் மூளை வேகமா?"

பெண்கள் கைதட்டினார்கள். தனபாலின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்ததும் ரிஃபானா மறுபடியும் எழுந்தாள்.

"அப்பிடியும் சொல்ல முடியாதுங்க சார். எல்லாத்துக்கும் கடைசியாக் கவுத்துனது நானுங்க. நானும் பொண்ணுதானுங்களே!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார்.

"தனபால் ரெண்டாவதா வெச்சானுங்க. அவனுக்குப் பின்னாடிதானுங்க நெறயப் பொண்ணுக. ஸ்கேலைப் புடிக்கறதுல அவனுகதானுங்க வேகம். இதுல நாங்க கொஞ்சம் முந்தி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வேகம் இருக்கும் போலிருக்குதுங்க. யாருக்குள்ள எது ஓடுதுன்னு வெளியில இருந்து தெரியவே மாட்டேங்குதுங்க சார்!"

சார் வகுப்பில் இருந்த தலைகளை, எண்ணெய் தடவிய தலை, ரிப்பன் கட்டிய தலை, சீப்பையே பார்க்காத தலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தினமும் பார்க்கிற தலைகள்தான். இன்றுதான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை.

"நேத்து நான் அவசரப்பட்டுப்போட்டேன்" என்றார். "பொள்ளாச்சிக்குச் சாந்தாமணியும் தனபாலும் போறாங்க. ரிஃபானா, நீயும் எங்க கூட வா."

"நான் எதுக்குங்க சார்? நான்தான் கடைசியாச்சுங்களே!"

"எதை எப்பிடி அளக்கறதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமல்லோ?"

சனிக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் தனபால் ஜன்னல் சீட்டைச் சாந்தாமணிக்கு விட்டுக்கொடுத்தான். "உன்ற வெரலு எப்பிடி மடங்குதுன்னு ஒருக்காக் காட்டு" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

போட்டி நடந்த மண்டபத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு மணி. முதலில் மணி அடிப்பவர்தான் விடை சொல்லலாம். அதைப் பார்த்ததும் ரிஃபானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்த பிறகு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால்தான் என்ன!

நடுவர் கேட்டார்: "முப்பத்தேழோட மூன்று மடங்கு..."

'எவ்வளவு' என்று அவர் முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சாந்தாமணி சாவகாசமாக எழுந்து நின்றாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள்.

"ஐயாங்க, விடைங்க, நூத்திப் பதினொண்ணுங்க" என்றாள்.