கல்லில் இருந்தவர்

2004 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பீலெஃபெல்ட் நகரில் சில்வெஸ்டரின் வீடு மூன்றாம் மாடியில். அவன்தான் கதவைத் திறந்தான்.

"வாங்கோ."

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதிகளாக ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். இருபது வருடமாக என்னை "வாடா சோதி" என்றுதான் சொல்வான். கைகொடுத்தான். உள்ளங்கை ஈரம். ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், மழைக்குப் பிறகு இலை அழுகும் வாடை அடித்தது.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அவனும் மனைவி கொறற்றியும் பெரு நாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள். கலியாண வெள்ளிவிழாவுக்கு மகள் சாண்ட்ரா எடுத்துக்கொடுத்த குழுப்பயணம்: ஐந்து நாள் மழைக்காடு, நான்கு நாள் மலை இடிபாடுகள். நான் வீடியோக் கருவிகள் திருத்துகிறவன். கசற் ஒன்று பழுது என்று கொறற்றி என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"சில்வெஸ்டர்" என்றேன். அவன் திரும்பவில்லை.

விமானத்தில் காது அடைத்திருக்கும் என்று நினைத்தேன். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு குழாய் உண்டு, அது அடைத்தால் இப்படி ஆகும் என்று அவனுக்கு விளக்கவும் தொடங்கினேன். எதையாவது விளக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி மங்கையற்கரசி சொல்வாள்.

குசினியிலிருந்து கொறற்றியின் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ."

"ஓம், வாறன்." உடனே போனான்.

"கீழ உடுப்புக் காய்ஞ்சிட்டுதோ எண்டு பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவன் கூடையோடு நிலவறைக்கு இறங்கியதும் அவள் கதவைப் பூட்டினாள்.

"அண்ணை, இந்தக் கசற்றை இன்னும் எத்தினை தரம் போடலாம்?"

விளக்கினேன். நாடாவில் உலோகத் தூள் மெல்லிசாகப் பூசியிருக்கும். ஒவ்வொரு முறை ஓடும்போதும், கருவிக்குள் சுழலும் தலை அதை உரசும். தூள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

"நூறு தரம் போடலாம் தங்கச்சி. பிறகு படத்தில சதுரம் சதுரமா ஓட்டை விழும். ஏன்?"

"நான் எண்ணாமல் பாத்துப்போட்டன்." அவள் குரல் இறங்கியது. "அவர் அதுக்குள்ள இருக்கிறார்."

கடைசி நாள், இடிந்த கோயிலடியில் நடந்ததாம். எஃப்ராயின் என்ற வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினான். அங்கிருந்து வெளிக்கிடும்போது ஆளை ஆள் பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு இறங்கி வரும், ஆள் கல்லிலேயே இருந்துவிடும் என்றானாம்.

"வெள்ளையள் சிரிச்சுச் சிரிச்சுக் கூப்பிட்டினம், டீற்றர், ஹெல்கா எண்டு. எனக்கு வாய் வரேல்லை அண்ணை. கட்டின நாளிலயிருந்து அவற்ற பேரைச் சொன்னதில்லை. மூண்டு தரமும் இஞ்சாருங்கோ, வாங்கோ எண்டன். அதுதான் பேரோ எண்டு எஃப்ராயின் கேட்டான். வெக்கத்தில ஓம் எண்டிட்டன்."

கசற்றை என் கையில் தந்தாள். "பேரில்லாமல் கூப்பிட்டால் ஆரும் வரலாம்தானே."

கசற்றைப் போட்டேன்.

மூடுபனி. கற்படிகள். நீல மழை அங்கியில் சில்வெஸ்டர், கொறற்றி பிடித்திருந்த கமராவைக் கடந்து இறங்கிப் போனான். கமரா திரும்பி மேலே பார்த்தது.

அங்கே கல்லின்மேல், அதே நீல அங்கியில், சில்வெஸ்டர் இருந்தான்.

பழைய பதிவு சரியாக அழியாமல் கலந்திருக்கும் என்றேன். அப்படிக் கலந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இவன் முழுசாகத் தெரிந்தான். மூச்சு ஆவியாக வந்துகொண்டிருந்தது.

கொண்டுபோன கருவியில் ஒரு பிரதி எடுத்தேன். பிரதியில் கல் வெறுமையாக இருந்தது. திரும்ப மூல நாடாவைப் போட்டேன். அவன் இடது தோள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். நான் பார்த்ததாலும் அவன் தேய்ந்திருந்தான்.

"இப்பவாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ தங்கச்சி. நாடா தாங்காது."

கீழே நிலவறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சில்..." நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "சில்வெஸ்டர்."

கல்லில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான்.

படிகளில் காலடி. முதலாம் மாடி.

"சில்வெஸ்டர்."

அவன் எழும்பினான். படிகளில் இறங்கத் தொடங்கினான். ஒவ்வொரு படிக்கும் படத்தில் ஒரு சதுரம் விழுந்தது. முகத்தில் பாதி இல்லை. மீதிப் பாதி அவளைத் தேடியது.

இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி.

"இன்னும் ஒருக்கா" என்றேன். "ஒருக்காத்தான்."

கதவுக்கு வெளியே மெல்லிய குரல். "கொறற்றி, திறவும்."

அவள் திடுக்கிட்டாள். இருபத்தைந்து வருடப் பழக்கம் அவள் வாயைத் திறந்தது.

"இஞ்சாருங்கோ, பொறுங்கோ..."

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"ஓம்" என்றது வெளியே.

படியில் நின்றவன் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி மேலே ஏறினான். கருவிக்குள் நாடா சுருண்டு கிழிந்தது. திரை நீலமாயிற்று.

"சில்வெஸ்டர், சில்வெஸ்டர்" என்று அவள் அந்த நீலத்தைப் பார்த்துக் கத்தினாள். நான் கருவியைக் கழற்றினேன். தூள் உதிர்ந்து, நாடாவின் அந்தப் பகுதி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதை ஒட்டலாம். ஆனால் ஒட்டிப் பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

கதவைத் திறந்தேன். யாருமில்லை. கூடையில் காய்ந்த உடுப்புகள், அவற்றின்மேல் நனைந்த நீல அங்கி. மடிப்புகளில் பாசி.

ஆளைக் காணவில்லை என்று பொலிஸ் எழுதியிருக்கிறது. கொறற்றி வெறும் திரைக்கு முன்னால் இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கேட்க அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மங்கையற்கரசியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், இனிமேல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி. "உங்களுக்கு விசரே" என்று சிரிக்கிறாள்.

இன்று மத்தியானம் நான் இந்தக் கதிரையில்தான் இருந்தேன். அவள் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ."

நான் வாயைத் திறக்கவில்லை.

இலை அழுகும் வாடை அடித்த நடைவழியிலிருந்து, என் குரலில், பதில் போனது.

"ஓம், வாறன்."