இது பட்டாணிக்கு

பட்டாணி யானையின் வாய் திறந்திருந்தது. காலையில் பால்வாடிக் கதவைத் திறந்ததும் சரோஜா டீச்சரின் கண்ணில் பட்டது அதுதான். கொஞ்சமாகத்தான், ஒரு விரல் நுழையும் அளவுக்கு. போன பொங்கலுக்கு, கடைகளுக்குப் போர்டு எழுதும் கவுஸ் பாஷா அதைச் சுவரில் வரைந்துகொடுத்தபோது வாய் மூடியிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறுவர் பத்திரிகையில் வாராவாரம் சிவப்பு டவுசரோடு வந்து, திருவண்ணாமலைப் பிள்ளைகளையெல்லாம் மயக்கி வைத்திருந்த பட்டாணி வாய் மூடிச் சிரிப்பதற்குப் பேர்போனது. ஆயா திரௌபதியைக் கேட்டால், எப்பவும் அப்படித்தான் இருந்தது என்றாள். சரோஜா நம்பவில்லை. கொஞ்ச நாளாக அவள் திரௌபதி சொல்வது எதையுமே நம்புவதில்லை.

காரணம் இருந்தது. பிள்ளைகள் இளைத்துக்கொண்டே போனார்கள். சத்துமாவை வெல்லம் போட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தால் மிச்சம் வைக்காமல் தின்கிறார்கள்; தராசுத் துணியில் உட்காரவைத்துத் தூக்கினால் முள் கீழே இறங்காமல் மேலேதான் நிற்கிறது, எடை ஏறுவதே இல்லை. சரோஜாவின் ஒரே மகள் வள்ளியும் அங்கேதான் சாப்பிட்டாள். புருஷன் போனபின் சரோஜாவுக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்தக் குழந்தை. ராத்திரி அணைத்துப் படுக்கும்போது அதன் விலா எலும்புகள் கையில் தட்டுப்படும். பூச்சியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மாவில் பாதி திரௌபதியின் முந்தானையில் போகிறது, வேறென்ன? அவள் வீட்டு ஆடுகள் வேறு உருண்டு திரண்டு நின்றன.

சரோஜா மாவுப் பெட்டிச் சாவியைத் திரௌபதியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மாவைத் தானே பிசைந்தாள், தானே ஊட்டினாள். வாய் திறக்காத பிள்ளைகளுக்காக அவளே பழக்கிவிட்ட விளையாட்டு ஒன்று இருந்தது. தாய்மார்கள் காக்காவுக்கு என்று சொல்லிக் குழந்தை வாயில் போடுவார்களே, அதுபோலத்தான். "இது பட்டாணிக்கு" என்று சுவரைக் காட்டுவாள், பிள்ளை ஆவென்று வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்க்கும் அப்படிச் சொல்லித்தான் உள்ளே போகும்.

அன்று மத்தியானம், வெல்லமும் வறுத்த கோதுமையும் மணக்கும் அந்த அறையில், ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக விழுந்துகொண்டிருக்க, வள்ளி மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்த சரோஜாவுக்கு விழுங்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினாள். சுவர்தான் இருந்தது. பட்டாணியின் டவுசருக்கு மேல் தொப்பை முன்பைவிடப் பிதுங்கியிருந்ததுபோலத் தோன்றியது.

அந்த வாரமும் முள் இறங்கவில்லை. சாவி தன்னிடம் இருந்தும் சரோஜாவின் சந்தேகம் திரௌபதியை விட்டு நகரவில்லை. கள்ளச்சாவி வைத்திருப்பாள் என்று நினைத்தாள். இனி வரவேண்டாம் என்றாள். திரௌபதி அழவில்லை, சண்டையும் போடவில்லை. முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வாசலில் நின்றாள்.

"நான் எடுக்கல டீச்சரம்மா. நீங்க பேரு சொல்லி ஊட்டறீங்க. யார் பேரைச் சொல்றீங்களோ, அவங்களுக்குத்தான் அது போவும்."

அவள் போனபின் சரோஜா சுவரில் கை வைத்துப் பார்த்தாள். வெயில் படாத சுவர். சூடாக இருந்தது. உள்ளே ஏதோ புரண்டது, சாப்பிட்ட வயிறு புரளுவதுபோல.

அன்றைக்கே சுண்ணாம்பு கரைத்தாள். டவுசர், தொப்பை, காது, கடைசியில் அந்த வாய். எல்லாம் வெள்ளையானது.

மறுநாள் பிள்ளைகள் வெள்ளைச் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. எல்லா வாயும் மூடியே இருந்தது.

சரோஜா வள்ளியின் முன் உட்கார்ந்தாள். உருண்டையை நீட்டினாள். பெயர் எதுவும் சொல்லவில்லை.

வள்ளியின் உதடு இறுகியிருந்தது. தொண்டை மட்டும் அசைந்தது.

"கண்ணு, வாயத் தொற. உனக்குத்தான். உனக்கு மட்டுந்தான்."

வள்ளி திறந்தாள்.

நாக்குக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஈரமாக ஒன்று. நுனியில் இரண்டு துளை. அது மேலே வந்தது. மூச்சு விட்டது. சரோஜாவின் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்து, உருண்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

வரிசையில் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.