எர்த் தடி

"ஐயோ... சுகுமார் சார்!"

காலையில் வேலைக்கு வந்த ஏஞ்சலின் அலறலில் ஷெட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது.

மானாம்பதி வயல்களுக்கு நடுவே அந்த ஷெட். உள்ளே, விதைநெல்லில் பூச்சியைக் கொல்ல எலக்ட்ரான்களைப் பாய்ச்சும் குட்டி ஆக்ஸிலரேட்டர். மின்சாரத்தை மெல்லச் சேர்த்து, கண் இமைப்பதற்குள் மொத்தமாய்க் கொட்டும் கெப்பாசிட்டர் வரிசை.

அதன் காலடியில், அதை வடிவமைத்த சுகுமார்... கருகிய விரல்களோடு!

உத்திரமேரூரிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது.

"மெயினை ஆஃப் பண்றது இவ வேல மேடம்!" ஷெட் முதலாளி வரதன் கை நீட்டினார். "மறந்துட்டு வூட்டுக்குப் பூட்டா. நேத்து அவரோட சண்ட வேற!"

இன்ஸ்பெக்டர் சசிரேகா திரும்பினாள்.

"இன்னாம்மா உதவி இன்ஜினீயர்? மறந்தியா... மறந்த மாதிரியா?"

ஏஞ்சல் நேற்றைய மாலையை மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஆஃப் பண்ணினேனே... நிஜமாகவா?

"ஜீப்ல ஏறு!"

அப்போதுதான் ஏஞ்சலின் கண்ணில் பட்டது. கெப்பாசிட்டரில் கொக்கி போட்டுத் தொங்கிய எர்த் தடி!

"மேடம்... இது தொங்கினா சார்ஜ் நிக்காது. பூமிக்குப் பூடும். சார் செத்தப்ப இது தொங்கல!"

"செத்தவரா எந்திரிச்சு மாட்டினாரு?"

"அப்புறமா கிட்ட வந்தவன் மாட்டிக்கீறான். ஆஃப் பண்ணாலும் மிச்ச சார்ஜ் அடிக்கும்னு தெரிஞ்சவன்."

"அது நீதான்டி!" வரதன் சீறினார். "எனக்கு இந்த மிஷினோட தல எது, வால் எதுன்னே தெரியாது. வாசப்படி தாண்டல நானு!"

சசிரேகா கையுறை மாட்டினாள். தடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள்.

"சரி, வரதன். கிட்ட போய் மொகத்தத் திருப்பிப் பாத்துச் சொல்லுங்க, சுகுமார்தானா?"

வரதன் நடந்தார். பிணத்துக்குச் சற்று முன்னால் நின்றார். நெற்றி வியர்த்தது.

கை தானாகச் சுவருக்குப் போனது. தடியை எடுத்தது. சரியான முனையில் கொக்கியை மாட்டியது!

"வாசப்படியே தாண்டாத ஆளு..." சசிரேகா சிரித்தாள். "பழக்கமான கையா கீதே!"

வரதனின் சட்டைப் பையில் கிடைத்தது, சுகுமாரின் பென் டிரைவ். மொத்த மிஷினின் டிசைன்!

"வேற கம்பெனிக்கு விக்க ஒத்துக்கல மேடம்..." வரதன் குழறினார். "வேல முடிஞ்சி தடியக் கழட்டினாரு. கைய எடுக்கறதுக்குள்ள... ஸ்விட்சப் போட்டுட்டேன்! அப்பறம் ஆஃப் பண்ணி, தடிய மாட்டிட்டு, அவரு பையிலேர்ந்து பென் டிரைவ எடுத்தேன்!"

ஏஞ்சலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சசிரேகா ஜீப் கதவைத் திறந்தாள்.

"தைரியமா ஏறுங்க மொதலாளி. எங்க லாக்கப் கம்பில ஷாக் அடிக்காது!"