ரத்தம் வெள்ளையாக ஓடியது

அலறல் கேட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு பெண்ணைக் கூண்டுக்குள் கட்டிவைத்துச் சவுக்கால் விளாசிக்கொண்டிருந்தார்கள். அவள் அலறினாள். அரங்கம் விசிலடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே இன்னொரு அலறல் கேட்டதையோ, அது ஆண் குரல் என்பதையோ யார் கவனிக்கப் போகிறார்கள்?

படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன.

எல்லோரும் எழுந்தார்கள். நடு வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

காதுக்குக் கீழே கழுத்து பிளந்திருந்தது. ரத்தம் சட்டையை நனைத்து, மடியில் தேங்கி, தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தச் சிவப்பு சுள்ளென்று உறைத்தது.

முன் வரிசைப் பெண் வாயைத் திறந்தாள்.

இந்த முறை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

*

"ஒருத்தரையும் வெளிய விடாதீங்க" என்றபடியே உள்ளே வந்தாள் இன்ஸ்பெக்டர்.

"கதவைச் சாத்திட்டேன் மேடம்" என்றார் ஏட்டு. "செத்தவர் சினிமா விமர்சகர். 'கத்தரி'ன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். முதல் ஷோ பார்த்துட்டு, தியேட்டர் வாசல்லயே நின்னு மொபைல்ல பேசுவாரு. அவர் வெட்டாத படமே கிடையாது."

"இன்னிக்கு அவரையே வெட்டிட்டாங்க. என்ன படம் இது?"

"காமிக்ஸ் புஸ்தகத்தை அப்படியே படமா எடுத்திருக்காங்க. முழுக்கக் கறுப்பு வெள்ளை. எப்பப் பார்த்தாலும் மழை. எல்லாரும் நீளக் கோட்டு, தொப்பி. பேச்சு கம்மி, கைகால் எடுக்கறது ஜாஸ்தி."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் மேல் குனிந்தாள். ஒரே கீறல். ஆழமாக, தயங்காமல். பக்கத்து இருக்கையில் அமர்ந்தபடியே கையை நீட்டி இழுத்திருக்கிறான்.

"பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தது?"

"வலது பக்கம் காலி. இடது பக்கம் ஓவியர். இந்தக் காமிக்ஸை வரைஞ்சவரே அவர்தான். ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து சிநேகிதம். இன்டர்வெல்லுக்கு அப்புறம் அவர் உள்ளயே வரலையாம். வெளிய மாடிப்படியில உட்கார்ந்து அழுதுட்டிருக்காரு."

ஓவியர் மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை. நரைத்த தாடி. கண்கள் வீங்கியிருந்தன.

"நான் வரைஞ்சதை நானே திரையில பார்க்கப் படபடப்பா இருந்துச்சும்மா" என்றார். "வெளிய வந்து உட்கார்ந்துட்டேன். திரும்பப் போய்ப் பார்க்கலாம்னு எழுந்திருக்கும்போது... கத்தறாங்க."

"அவருக்கு எதிரிங்க இருந்தாங்களா?"

"அவன் தொழிலே அதானே. ஆனா இந்தப் படத்தைப் பத்தி அவன் இன்னும் வாயே திறக்கலையே."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

*

மேனேஜர் அறையில் விசாரணை ஆரம்பமானது.

ஆரம்பித்த கையோடு அவளுக்குத் தலை வலிக்கவும் ஆரம்பித்தது. கேட்டது கொலையைப் பற்றி. வந்ததெல்லாம் விமர்சனம்.

"ஒவ்வொரு ஃப்ரேமும் புக்ல இருக்கற மாதிரியே மேடம்" என்றான் கல்லூரி மாணவன். "ரத்தம் வெள்ளையா ஓடுது. பால் கொட்டின மாதிரி. செம ஸ்டைல்."

"செமயாம்" என்றாள் அவனோடு வந்தவள். "ஹீரோவை லாரி ஏத்தறாங்க, எழுந்து சிகரெட் பத்த வைக்கறான். படத்துல இருக்கற பொம்பளைங்க ஒருத்திக்காவது முழுசா ஒரு டிரெஸ் இருந்துச்சா? கேட்டா கலைங்கறான்."

"கொலை நடந்தப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"எந்தக் கொலை மேடம்? படத்துல நிறைய."

பல் டாக்டர் ஒருவர் வந்தார். தாடையில் இரும்புக் கம்பியால் அடித்தால் பல் அப்படித் தெறிக்காது என்று விளக்கினார். கொலை நடந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்திருந்த நர்ஸ் மட்டும் நேராகப் பேசினாள்.

"அந்தக் கூண்டு சீன்ல நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒரு பொண்ணு துடிதுடிச்சுச் சாகறா, இவங்க விசிலடிக்கறாங்க. வார்டுல நான் நிஜமாவே பார்த்திருக்கேன் மேடம். ரத்தம் வெள்ளையா இருந்தா வலிக்காதுன்னு நினைச்சுட்டாங்க போல."

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தியின் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஏட்டு கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மேடம், ஆள் சிக்கிட்டான். ஹீரோ மாதிரியே கோட்டு, தொப்பி மாட்டிட்டு வந்த ரசிகன். இன்டர்வெல்ல கத்தரியோட சட்டையைப் பிடிச்சிருக்கான். 'இந்தப் படத்தைத் தப்பாப் பேசினா உயிரோட வீடு போக மாட்டே'ன்னு சொன்னதைப் பத்து பேர் கேட்டிருக்காங்க. கோட்டுல ரத்தம்."

வெளியே கூட்டம் விலகியது. கோட்டுக்காரன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

ஓடினான்.

ஏட்டு குறுக்கே பாய்ந்தார். இருவரும் பாப்கார்ன் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தார்கள். கண்ணாடி வெடித்துச் சிதறியது. கோட்டுக்காரன் ஒரு சில்லைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தான். அவன் கையே கிழிந்து ரத்தம் முழங்கைக்கு ஓடியது.

"கிட்ட வராதீங்க..."

இன்ஸ்பெக்டர் கிட்டப் போனாள். அவன் வீசினான். குனிந்தாள். பூட்ஸ் காலால் அவன் முழங்காலை ஒரே உதை உதைத்தாள். அவன் மடிந்து விழுந்தான்.

"எதுக்குடா ஓடினே?"

"பயத்துல மேடம்" என்று அழுதான் அவன். ஹீரோ எங்கோ போய்விட்டான். கோட்டுக்குள் ஒரு சாதாரணப் பையன்தான் இருந்தான். "லைட் போட்டதும் அவர் தலை தொங்கிட்டிருந்துச்சு. தூக்கி நிமிர்த்தினேன். அப்ப ஆனது இந்த ரத்தம். சத்தியமா நான் கொல்லல."

"எல்லாரும் அதான் சொல்வாங்க" என்றார் ஏட்டு, உள்ளங்கையில் குத்தியிருந்த கண்ணாடியைப் பிடுங்கியபடி.

*

கேஸ் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியாக ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பாக்கி. செத்தவருக்குப் பின் வரிசையில், வலது பக்கம் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தவர். ஒப்புக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"படம் எப்படின்னு கேளுங்க மேடம்" என்றார் அவர், நாற்காலி நுனிக்கு வந்து.

"வேண்டாம் சார். நிறையக் கேட்டாச்சு."

"ஒரே ஒரு ஷாட் சொல்றேன். அதுக்கே டைரக்டர் கையில முத்தம் கொடுக்கணும். கூண்டுல அந்தப் பொண்ணு சாகறா. திரை மொத்தமும் பளீர்னு வெள்ளையாகிடுது. ஒண்ணுமே இல்ல, வெறும் வெளிச்சம். அப்பக் கீழ இடது ஓரத்துல ஒரு கை வருது. நிழல் மாதிரி. அதுல ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கை துடைக்குது... கைக்குட்டை சிவப்பாகுது! படம் முழுக்க ரத்தத்தை வெள்ளையாக் காட்டிட்டு, அந்த ஒரே இடத்துல நிஜச் சிவப்பு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி கையிலெடுத்தாள்.

"கைக்குட்டையில வேற என்ன பார்த்தீங்க?"

"ஓரத்துல கறுப்பா விரல் தடம். மை ஒட்டின மாதிரி. கறுப்பு, வெள்ளை, சிவப்பு... என்ன ஒரு கற்பனை பாருங்க."

அவள் எழுந்தாள்.

"ஏட்டு, ஆபரேட்டரை அந்தக் கூண்டு சீனை மறுபடி போடச் சொல்லுங்க."

அரங்கத்தில் மறுபடி இருட்டு. ஏஜென்ட் உட்கார்ந்திருந்த அதே இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அலறினாள், சவுக்கு விழுந்தது, வெள்ளை ரத்தம் தெறித்தது. பிறகு திரை வெளுத்தது.

வெறும் வெள்ளை. ஓரத்தில் கையும் இல்லை, கைக்குட்டையும் இல்லை.

அந்த இடது ஓரத்துக்கு நேராக, அவள் பார்வையை மறித்தபடி, இருந்தது செத்தவரின் இருக்கையும் அதற்கு இடது பக்கத்து இருக்கையும்தான்.

ஏஜென்ட் பார்த்தது படமே இல்லை. திரை வெளிச்சம் மெல்லிய துணியை ஊடுருவிக் காட்டிய நிஜக் கொலை. அதற்குத்தான் அவருக்குப் புல்லரித்திருக்கிறது.

"படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாசல்ல புக்ல கையெழுத்துப் போட்டது யாரு?" என்றாள் மெல்ல.

"ஓவியர்தான் மேடம். பிரஷ்ஷை மையில தொட்டுத் தொட்டு, வந்தவங்களுக்கெல்லாம் படமே வரைஞ்சு கொடுத்தாராம். விரலெல்லாம் மையாம்" என்ற ஏட்டு, சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார்.

மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகள் அவள் நினைவுக்கு வந்தன. தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவிய கைகள். பொட்டு மை இல்லை.

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

*

ஓவியர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் திரை இன்னும் வெள்ளையாகவே உறைந்திருந்தது.

"இந்த சீன்ல நீங்க உள்ளதான் இருந்தீங்க சார்" என்றாள் அவள். "இன்டர்வெல் முடிஞ்சு இருட்டானதும் திரும்பி வந்திருக்கீங்க. மறுபடி வெளிய போய்க் கை கழுவியிருக்கீங்க. எல்லார் கண்ணும் திரையிலதான் இருந்திருக்கு."

அவர் கை சட்டைப் பைக்குள் போனது.

"ஏட்டு, தள்ளுங்க..."

அதற்குள் பென்சில் சீவும் பிளேடு வெளியே வந்துவிட்டது. ஏட்டின் முன்கை நீளத்துக்குக் கிழிந்தது. அவர் கத்திக்கொண்டே விழுந்தார். ஓவியர் திரும்பி, இன்ஸ்பெக்டர் பக்கம் அல்ல, திரையை நோக்கிப் பாய்ந்தார். குத்தினார். கிழித்தார். மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலிருந்து கீழே. வெள்ளைத் திரை நார் நாராகத் தொங்கியது.

அவள் பின்னாலிருந்து அவரைப் பிடித்தாள். பிளேடு அவள் காதோரம் உரசிக்கொண்டு போனது. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. அவர் மணிக்கட்டைப் பற்றி மேடை விளிம்பில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பிளேடு கீழே விழுந்தது.

ஓவியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படத்தை அவர் கிழிச்சுடுவார்னு பயந்தா கொன்னீங்க?" என்றாள் மூச்சு வாங்க.

அவர் சிரித்தார். அழுகையை விட மோசமான சிரிப்பு.

"கிழிப்பான்னு நம்பித்தானேம்மா பக்கத்துல உட்கார வெச்சேன்."

"என்ன சொல்றீங்க?"

"கூண்டுல சாகறாளே, அவ என் தங்கச்சி. பேரை மாத்தி வரைஞ்சேன். அவளை நிஜமாவே நாலு பேர் சேர்ந்து கொன்னாங்க. ஒருத்தனும் மாட்டல. மார்ச்சுவரிக்கு என்கூட வந்து துணியை விலக்கிப் பார்த்தது இவன்தான். நான் பார்க்கக் கூடாதுன்னு என் கண்ணைப் பொத்தினதும் இவன்தான். புக்ல அவ சாகற பக்கத்தை முழுக்கக் கறுப்பா விட்டேன். ஒரு கோடு கூடப் போடல. அவளை யாரும் பார்க்கக் கூடாதுன்னு."

இன்ஸ்பெக்டர் கிழிந்த திரையைப் பார்த்தாள்.

"இவங்க அந்தக் கறுப்புல விளக்கு போட்டுட்டாங்கம்மா. துணியை உருவிட்டாங்க. ஜனங்க விசிலடிச்சாங்க. சரி, ஊரானுக்கு என்ன தெரியும்? இவன் வாசலுக்குப் போய் நாறடிப்பான்னு பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். திடீர்னு பக்கத்துல இன்னொரு விசில். திரும்பினா... இவன். ரெண்டு விரலை வாயில வெச்சு. என் தோள்ல தட்டி, 'உன் புக்கை விட இதுதான்டா சூப்பர்'ங்கறான். பென்சில் சீவற பிளேடு பையில இருந்துச்சு."

ஏட்டு கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். விலங்கை மாட்டினார். முறிந்த கையில் மாட்டாமல், நல்ல கையில் மட்டும்.

கோட்டுக்காரனை விடுவிக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். காதோரம் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. வாசலில் நிருபர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு மொய்த்தார்கள்.

"மேடம், படத்துல வர்ற வன்முறைதான் கொலைக்குக் காரணமா? சென்சார் ஒழுங்கா வெட்டலைங்கறீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"படத்தை வெட்ட ஆள் இருக்காங்க சார். விசிலை எங்க வெட்டறதுன்னு யாராவது சொல்லுங்க... நாளைக்கே அங்க டியூட்டி மாத்திக்கிறேன்."