மூச்சு கொடுத்தவர்கள்

முதல் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளியில் யாருமே இருமவில்லை.

அவளுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. தங்கை வாசிக்கும் கச்சேரி எதையும் அவள் விட்டதில்லை. இசை அரைகுறையாகத்தான் புரியும் என்றாலும் இந்த இடைவெளி அவளுக்கு அத்துப்படி. பகுதிகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது என்பதால், அதுவரை அடக்கி வைத்த இருமலும் செருமலும் மிட்டாய்த்தாள் சரசரப்பும் அப்போதுதான் அணை உடைந்ததுபோல் வரும். இன்று அரங்கம் நிரம்பி வழிந்தும் ஒரு தொண்டைகூட அசையவில்லை. சும்மா இருக்கமாட்டாமல் அவள் ஒரு முறை செருமினாள். பக்கத்து இருக்கைக்காரர் மெல்லத் திரும்பினார். அவர் பார்வையில் கோபம் இல்லை. ஆசை இருந்தது.

எதையும் லேசில் நம்பாத பிறவி அவள். 'துப்பறியும் அக்கா' என்பது தங்கை வைத்த பட்டப்பெயர். சில நாட்களாக அந்தச் சந்தேகம் முழுக்கத் தங்கை மேலேயே இருந்தது. தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சை உள்ளே இழுத்து முடிக்கும்போது மெல்லிய விசில் ஒன்று வரும். பக்கத்துக் கட்டிலில் அதைக் கேட்டுக்கொண்டேதான் அக்கா தூங்கி வளர்ந்தாள். இழுப்பு முற்றும் இரவுகளில் தங்கையின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "என்கூட இழு, என்கூட விடு" என்று தானும் சேர்ந்து மூச்சு விட்டுத் தணிய வைப்பாள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, வீம்புக்கென்றே ஓபோ என்ற ஊதுகுழலைக் கற்று ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் பிடித்தவள் தங்கை. அவளுக்கான இன்ஹேலர் ஒன்று அக்காவின் கைப்பையில் எப்போதும் கிடக்கும்.

ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்க மின்னணு இசைக்காரர் ஒருவர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். அக்கா அவரைப் பெட்டிக்காரர் என்பாள். அவர் வந்த பிறகு விசில் நின்றுவிட்டது.

"புதுசா மாத்திரை ஏதாவது போடுறியா?"

"இல்லக்கா. எங்க எல்லாரோட மூச்சையும் அவர் மைக்ல பதிவு பண்ணினார். அதுலேருந்து சரியாயிடுச்சு."

"பதிவு பண்ணினா இழுப்பு போயிடுமா? யார் காதுல பூ சுத்தற?"

வழக்கமான தங்கையாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். இவள் சிரித்தாள். சிரித்தபோது தோள்கள் அசையவே இல்லை.

இன்று அரங்க வாசலிலும் ஒரு மைக் இருந்தது. "ஒரு மூச்சு விட்டுட்டு உள்ள போங்க. கடைசி உருப்படியில உங்க மூச்சும் சேர்ந்து வாசிக்கும்" என்றாள் அங்கே நின்ற பெண். எல்லோரும் வேடிக்கையாக வரிசையில் நின்று ஊதினார்கள். அக்கா மட்டும் வாயைக் குவித்து, ஊதுவதுபோல் பாவனை செய்துவிட்டு நழுவினாள். அப்போது அது வெறும் அல்ப சாமர்த்தியமாகத்தான் தோன்றியது.

இரண்டாம் பகுதியில் ஓபோ தனியாக ஒலித்தது. இழையாக நீண்டு, வளைந்து, தணிந்து, மறுபடி ஏறி, வயலின்கள் ஓய்ந்த பிறகும் அறுந்துபோகாமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கே மூச்செடுப்பாள் என்று அக்கா முன்வரிசை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை எடுக்கவில்லை. அவள் சட்டையின் முன்பக்கம் மாட்டி வைத்த துணிபோல் அசையாமல் இருந்தது. பக்கத்தில் புல்லாங்குழல்காரரும் அப்படியே. எக்காளம் ஊதியவரின் கன்னம் உப்பவே இல்லை.



இடைவேளை விடவில்லை. விளக்குகள் மங்கின. பெட்டிக்காரர் மேடைக்கு வந்து தன் பெட்டியில் ஒரு குமிழைத் திருகினார். சூடான தூசி நாற்றம் எழுந்தது. மேடையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு நின்ற கறுப்பு ஒலிபெருக்கிகளிலிருந்து காற்று கிளம்பியது. முதலில் மழைச் சத்தம்போல் இருந்தது. பிறகு தனித்தனியாகப் பிரிந்தது. மூச்சுகள். கிழ மூச்சு, குழந்தை மூச்சு, மூக்கடைத்த மூச்சு. நடுநடுவே ஓர் இருமல். ஒரு செருமல்.

இருக்கைகளிலிருந்து வராதவை எல்லாம் அங்கே இருந்தன.

அவள் பக்கத்து இருக்கைக்காரரின் நெஞ்சைப் பார்த்தாள். அசைவில்லை. பின்வரிசையைப் பார்த்தாள். அங்கும் இல்லை. எல்லா முகங்களும் அவள் பக்கமே திரும்பியிருந்தன. அரங்கத்தில் ஏறி இறங்கிய நெஞ்சு அவளுடையது ஒன்றுதான்.

ஓடு.

எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்பியும்விட்டாள். அப்போதுதான் அது கேட்டது.

விசில்.

அருகிலிருந்த ஒலிபெருக்கிக்குள். இழுத்து முடிக்கும் இடத்தில், மெல்லியதாக. அடுத்தது சீக்கிரம் வந்தது. அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். முற்றுகிறது. அவளுக்குத் தெரியாதா? மேடையில் உட்கார்ந்திருப்பது யாரோ. தன் தங்கை இதற்குள் திணறிக்கொண்டிருக்கிறாள்.

கைப்பையைக் கவிழ்த்தாள். இன்ஹேலரை எடுத்து ஒலிபெருக்கியின் கறுப்பு வலையில் வைத்து அழுத்தினாள். வலை உதடுபோல் உள்வாங்கி அதை உறிஞ்சியது. போதவில்லை. விசில் கீச்சிட்டது. அறுந்தது. மறுபடி கீச்சிட்டது.

"பயப்படாதடி. அக்கா இருக்கேன்." இரண்டு கைகளாலும் ஒலிபெருக்கியை ஏந்திக்கொண்டாள். அழுகை வந்தது. "என்கூட இழு."

இழுத்தாள்.

"என்கூட விடு."

விட்டாள். முழுதாக. அடிவயிற்றிலிருந்து.

கண்ணைத் திறந்தபோது, அவள் வாய்க்கும் வலைக்கும் நடுவே ஒரு மைக் இருந்தது. அதைத் தங்கை பிடித்திருந்தாள்.

"அவ்வளவுதான்க்கா" என்றாள், அன்பாக.

உள்ளே விசில் தணிந்தது. அதற்குப் பக்கத்தில், அதற்குத் துணையாக, இன்னொரு மூச்சு சீராக ஏறி இறங்கியது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் நெஞ்சில் கையை வைத்தாள். வைத்துக் காத்திருந்தாள். கை அசையவில்லை.